பெயரைத் திருத்தாதீர்கள், டேபிளைத் திருத்துங்கள்

நிறுவன மென்பொருள்களைப் பராமரிக்கும் இடங்களில் ஒரு நம்பிக்கை மறுகேள்வி இல்லாமல் நிலைத்துவிட்டது. ஒரு பதிவைச் சேமிக்கும்போது தரவுத்தளம் ஏற்க மறுத்து எரர் காட்டினால், தப்பு அந்தப் பதிவில்தான் இருக்கும், டேபிளில் இருக்காது என்பதே அந்த நம்பிக்கை. வாடிக்கையாளரின் பெயர் நீளமாக இருந்தால் சுருக்கு. குடும்பப்பெயர் இல்லையென்றால் ஒரு புள்ளியைப் போடு. பெயருக்குள் சாய்கோடு வந்தால் எடுத்துவிடு. சிங்கப்பூரின் எக்ஸ்போ எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள சாங்கி வர்த்தகப் பூங்காவில் வங்கிகளின் தொழில்நுட்பப் பிரிவுகளும் பின்னணி அலுவலகங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ் பேசும் பொறியாளர்கள் நிறைய பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அங்கும் சரி, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் சரி, புகாரைப் பதியும் டிக்கெட்டுக்கு மறுமொழியாகப் போகும் வாசகம் ஒன்றுதான்: “டேட்டா தப்பு, திருத்தி மறுபடி போடச் சொல்லுங்க.” இந்த வாசகம் பெரும்பாலான நேரங்களில் தவறானது என்பதும், அதைத் தமிழர்களாகிய நாமே திரும்பத் திரும்பச் சொல்லி நம் பெயர்களையே சிதைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

டேபிள் வரையறை என்பது உலகைப் பற்றி யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த கூற்றுகளின் தொகுப்பு. இந்த ஃபீல்டில் எண்தான் வரும், இது 30க்கு மேல் போகாது, இது காலியாக இருக்காது, இது இருவருக்கு ஒரேமாதிரி இருக்காது என்று ஒவ்வொரு ஃபீல்டைப் பற்றியும் ஒரு கூற்று. எழுதியவர் எந்த நாட்டில், எந்த ஆண்டில், யாரை மனத்தில் வைத்து எழுதினாரோ அதுதான் அந்தக் கூற்றின் எல்லை. எரர் வரும்போது நடப்பது என்னவென்றால், அந்தக் கூற்றும் கண்ணெதிரே இருக்கும் ஓர் உண்மையும் மோதுகின்றன. ஆரக்கிள் தரவுத்தளத்தின் ஓஆர்ஏ-12899 எரரைப் படித்துப் பாருங்கள். மதிப்பு ஃபீல்டைவிடப் பெரியது என்று சொல்லி, வந்தது இவ்வளவு, அனுமதித்தது இவ்வளவு என்று இரண்டு எண்களைத் தருகிறது. இரண்டில் எது தவறு என்று அது சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பைப் படிப்பவர்தான் எழுதுகிறார்.

ஒரு பெயரை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். தமிழ்ச்செல்வன். கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் மெய்ப்புள்ளிகளும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 14. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் சேமிக்கத் தேவைப்படுவது 42 பைட். ஆரக்கிளில் ஃபீல்டின் நீளத்தை வெறுமனே 30 என்று எழுதினால், வேறு அமைப்பு செய்யாதவரை அது 30 எழுத்தைக் குறிக்காது, 30 பைட்டைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 11 பைட்டோடு முடிந்துபோகும் அதே பெயர் தமிழில் எழுதப்பட்டால் எல்லையைத் தாண்டி எரர் ஆகிறது. “பெயர் ரொம்ப நீளம்” என்று டிக்கெட்டில் எழுதி மூடுகிறார்கள். எட்டெழுத்துப் பெயர் எப்படி நீளமானது? நீளத்தை எதனால் அளக்கிறோம் என்பதை வரையறை எழுதியவர் யோசிக்கவில்லை. 30க்குப் பக்கத்தில் எழுத்து என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அதே 30க்குள் அந்தப் பெயர் தாராளமாக அடங்கும். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு நாட்டில் இதைத் தரவுப் பிழை என்று வகைப்படுத்துவது நியாயமல்ல.

வரையறை தவறாக இருக்க முடியும் என்பதைத் தொழில்நுட்ப உலகம் ஒருகாலத்தில் முழுமனதோடு ஏற்றுக்கொண்டது. ஒய்2கே சிக்கல் என்பது என்ன? ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்த ஃபீல்டு வரையறை. அன்றைக்கு 2000 என்ற ஆண்டைத் தவறான தரவு என்று யாரும் சொல்லவில்லை. வரையறைகளைத்தான் தேடித்தேடித் திருத்தினார்கள். இந்திய மென்பொருள் நிறுவனங்கள் வெளிநாட்டில் காலூன்ற அந்தத் திருத்த வேலை பெரிய வாய்ப்பாக அமைந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் கோபால் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களைத் திறந்து, இரண்டு இலக்கத்தை நான்காக்கித்தான் வெளிநாட்டு விமானம் ஏறினார்கள். வரையறையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்த ஒரு சமூகம், இன்று வரையறை மாற்ற முடியாதது என்று பேசுவது வரலாற்றை மறந்த பேச்சு.

சிங்கப்பூரின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1995 செப்டம்பரில் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமானது. 2002 மார்ச் 1 அன்று வீட்டுத் தொலைபேசி எண்கள் எல்லாம் முன்னால் ஒரு 6 சேர்த்து ஏழிலிருந்து எட்டு இலக்கத்துக்கு மாறின. 2009ல் நிறுவனங்களுக்கு யூஇஎன் என்ற புதிய பதிவு எண் வந்தது. சிலருக்கு அது ஒன்பது எழுத்து, சிலருக்குப் பத்து. 2011 ஜனவரி 1 முதல் கலப்பு மணப் பிள்ளைகளின் இனத்தை இரண்டு பெயர்களை இணைத்துப் பதியலாம் என்றானது. ஒருவருக்கு ஓர் இனம்தான் என்று கட்டப்பட்டிருந்த ஃபீல்டுகளின் அடிப்படையே அன்று மாறியது. 2022 ஜனவரி 1 முதல் வெளிநாட்டினருக்கான ஃபின் எண்களில் எஃப், ஜி ஆகிய எழுத்துகளுக்கு அப்பால் எம் என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை வந்தது. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் அதை முன்கூட்டியே அறிவித்து, கணினி முறைகளைச் சரிசெய்துகொள்ளச் சொன்னது. இவை ஒவ்வொன்றும் இந்தத் தீவில் உள்ள கணக்கு மென்பொருள், சம்பள மென்பொருள், வாடிக்கையாளர் மென்பொருள் அனைத்தின் டேபிள்களையும் தொட்ட மாற்றம். அப்போது எந்த நிறுவனமும் “எங்கள் மென்பொருளில் எம் என்ற எழுத்துக்கு இடமில்லை, அந்த ஊழியரின் எண்ணை ஜி என்று மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது எவ்வளவு பொருத்தமற்ற கோரிக்கை என்று எல்லாருக்கும் புரிந்திருக்கும். அதே கோரிக்கையை ஒரு மனிதரின் பெயரிடம் வைக்கும்போது மட்டும் ஏன் யாருக்கும் உறைப்பதில்லை?

பெயரைப் பற்றிய வரையறைதான் இந்தத் தவறின் மையம். உலகச் சந்தைக்கு என்று எழுதப்பட்ட எத்தனையோ மென்பொருள்கள் ஒரு மனிதருக்கு முதற்பெயர் ஒன்று, கடைசிப்பெயர் ஒன்று, கடைசிப்பெயர் கட்டாயம் என்று தொடங்குகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74 விழுக்காட்டினர், மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. சீனர்க்குக் குடும்பப்பெயர் முதலில் வரும். மலாய்க்காரர்க்கு பின், பிந்தி என்று தந்தை பெயர் வரும், குடும்பப்பெயர் இல்லை. இந்தியர்களில் தமிழருக்கும் பொதுவாகக் குடும்பப்பெயர் இல்லை. கணேசன் எஸ்/ஓ முருகையா என்று அடையாள அட்டை சொல்வது, இவர் கணேசன், முருகையாவின் மகன் என்பதுதான். ஆக, இந்த நாட்டின் மூன்று பெரிய சமூகங்களில் ஒன்றின் வழக்கமும் அந்த வரையறைக்குள் அப்படியே அடங்காது. மக்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் பொருந்தாத ஒன்றை இயல்புநிலை என்றும், பொருந்தாத மக்களை விதிவிலக்கு என்றும் அழைக்க எந்த அடிப்படையும் இல்லை.

அரசு இதை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். அடையாள அட்டையில் பெயர் என்று ஒரே வரி. அரசிடம் உள்ள விவரங்களைப் படிவங்களில் தானாக நிரப்பும் மைஇன்ஃபோ சேவையில் முதன்மைப் பெயர் ஒரே ஃபீல்டு. மாற்றுப்பெயர், ஹன்யூ பின்யின் பெயர், திருமணப் பெயர் ஆகியவற்றுக்குத் தனி ஃபீல்டுகள். தன் மக்களைப் பார்த்து எழுதப்பட்ட வரையறை இது. வங்கிகள் வாடிக்கையாளரை அடையாளம் காண்பது பற்றிச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 626 என்ற அறிவிப்பு கேட்பதும் முழுப்பெயரையும் மாற்றுப்பெயர்களையும்தான். குடும்பப்பெயர் என்று அது தனியாகக் கேட்கவில்லை. அரசு ஒரே ஃபீல்டில் முழுமையாகத் தரும் பெயரை வாங்கி, இரண்டாக வெட்டி, வெட்டிய இடம் சரியில்லை என்று எரர் காட்டி, அந்த எரருக்கு வாடிக்கையாளரைக் குற்றம் சொல்வதுதான் இன்றைய நடைமுறை.

இதற்கு உடனே வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அனைத்துலக அமைப்புகள் குடும்பப்பெயர் கேட்கின்றன, நாம் மட்டும் மாறி என்ன பயன் என்பார்கள். இந்த வாதம் ஆதாரத்தைச் சோதித்தால் நிற்காது. கடப்பிதழுக்கான விதிகளை வகுக்கும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம், பெயரை முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று பிரிக்கிறது. பிரிக்க முடியாத பெயர் என்றால் முழுவதையும் முதன்மை அடையாளமாக எழுதி, மீதியை நிரப்புக் குறிகளால் மூடச் சொல்கிறது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு ஒதுக்கப்பட்ட 39 இடங்களுக்குள் ஒற்றைப் பெயருக்கும் முறையான வழி இருக்கிறது. பணப் பரிமாற்றச் செய்திகளுக்கான ஐஎஸ்ஓ 20022 தரநிலையில் பணம் அனுப்புபவர், பெறுபவர் பெயர் 140 எழுத்து வரை போகும் ஒரே ஃபீல்டு. எல்லையைக் கடக்கவும் பணத்தை அனுப்பவும் உள்ள உலகின் மிகக் கறாரான இரண்டு தரநிலைகள் ஒற்றைப் பெயரை ஏற்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் மென்பொருளை எழுதியவர்தான் தன் பழக்கத்தை அவற்றின்மேல் ஏற்றிவிட்டு, அனைத்துலக விதி என்று சொல்கிறார்.

சாங்கி விமான நிலையத்தில் இந்த மோதலை நேரில் காணலாம். விமானப் பயண முன்பதிவு முறைகளில் குடும்பப்பெயருக்கும் இயற்பெயருக்கும் நடுவே பிரிப்புக் குறியாக நிற்பது சாய்கோடு. எனவே மகனைக் குறிக்கும் எஸ்/ஓ, மகளைக் குறிக்கும் டி/ஓ ஆகியவற்றில் உள்ள கோட்டை அந்த முறை பெயரின் பகுதியாக ஏற்க முடியாது. சிறப்புக் குறிகளை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று விமான நிறுவனங்கள் பயணிகளிடம் கேட்டுக்கொள்கின்றன. குடியரசின் அடையாள அட்டை ஏற்ற ஒரு குறியை, பல பத்தாண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் எடுத்த ஒரு முடிவு இன்றும் மறுக்கிறது. பயணச்சீட்டிலும் கடப்பிதழிலும் பெயர் வேறுபட்டால் வரும் பதற்றத்தைச் சுமப்பது அந்த முடிவை எடுத்தவர் அல்லர், முகப்பில் நிற்கும் பயணி. ஒற்றைப் பெயரும் இப்படி மோதியதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகள் கடப்பிதழில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள வருகையாளர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. கடப்பிதழின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சில நாள்களிலேயே அதைத் தளர்த்த வேண்டி வந்தது. விதியைத் தளர்த்த முடிந்தது என்பதே அது இயற்கையின் சட்டம் அல்ல என்பதற்குச் சான்று. இந்தியாவுக்குள்ளும் இதே கதைதான். ஆதாரில் பெயர் ஒரே ஃபீல்டு. பான் படிவத்திலோ கடைசிப்பெயர் கட்டாயம், முதலெழுத்துக்கு இடமில்லை. இரண்டையும் இணைக்கச் சொன்னபோது, முதலெழுத்தோடு வாழ்ந்த தமிழர்கள் பெயர் பொருந்தவில்லை என்று அலைந்தார்கள். பெயர் ஒன்றுதான், பொருந்தாதவை இரண்டு அரசுத் துறைகளின் வரையறைகள்.

தரவைத் திருத்தி ஒப்பேற்றினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், திருத்திய தரவு பிறகு எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். கட்டாயமாக்கப்பட்ட கடைசிப்பெயர் ஃபீல்டில் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் இயற்பெயரையே இரண்டு முறை எழுதுவார். நான்காமவர் முருகையா என்று தந்தை பெயரைப் போடுவார். ஒரே கணேசன் கடன் பிரிவில் ஒருவராகவும் காப்பீட்டுப் பிரிவில் வேறொருவராகவும் ஆகிவிடுவார். இருவரும் ஒருவரே என்று கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் வாங்கவேண்டியிருக்கும். தந்தை பெயர் கடைசிப்பெயரானதால் மகனுக்குப் போகும் கடிதம் “அன்புள்ள திரு முருகையா” என்று தொடங்கும். அப்பாவும் அதே வங்கியில் கணக்கு வைத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று கடைசிப்பெயர் இருப்பதால், கடைசிப்பெயரை வைத்துக் குடும்பத்தைத் தொகுக்கும் அறிக்கை தமிழ்க் குடும்பங்களை உதிரிகளாகக் காட்டும். தடைப்பட்டியலோடு பெயரை ஒப்பிடும் சோதனையில், தவறாக வெட்டப்பட்ட பெயர் தேவையில்லாமல் மாட்டும், மாட்டவேண்டியது நழுவும். இவ்வளவும் ஓர் எரரை ஐந்து நிமிடத்தில் மூடியதன் விலை. அந்த விலை டிக்கெட் கணக்கில் எங்கும் வராது.

அப்படியானால் இந்தத் தவறான நம்பிக்கை ஏன் இத்தனை வலுவாக இருக்கிறது? வேலை அளக்கப்படும் முறையில்தான் விடை இருக்கிறது. ஆதரவுப் பிரிவில் வரும் டிக்கெட் இத்தனை மணி நேரத்துக்குள் மூடப்பட வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். தரவைத் திருத்த யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. பயனாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். வரையறையை மாற்றுவதற்கோ மாற்றக் குழுவின் ஒப்புதல், சோதனைச் சூழல், வார இறுதி நேரம், பின்வாங்கும் திட்டம் எல்லாம் வேண்டும். சம்பவம் வேறு, அதன் மூலச் சிக்கல் வேறு என்று தொழில்நுட்பச் சேவை நிர்வாகத்துக்கான ஐடிஐஎல் பாடத்தில் எல்லாரும் படித்தவர்கள்தான். ஆனால் ஒரே பெயர் எரர் நூறு தடவை வந்தாலும் நூறு சம்பவங்களாகத்தான் மூடப்படுகிறது. ஒருமுறைகூடச் சிக்கலாகப் பதியப்படுவதில்லை. இதில் தனிப் பொறியாளரைக் குறைசொல்ல மாட்டேன். குற்றம் தரவில்தான் என்று நம்புவது அவருடைய மாத மதிப்பீட்டுக்கு வசதியாக அமைத்திருக்கிறார்கள். கருவிகளும் இதற்குத் துணைபோயின. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளம் பல ஆண்டுகளாக 8152 என்ற எண்ணில், தரவு வெட்டப்படும் என்று மட்டும் சொன்னது. எந்த டேபிள், எந்த ஃபீல்டு என்று சொல்லவில்லை. அறுபது ஃபீல்டு உள்ள ஒரு பதிவில் எது மோதுகிறது என்று தேட அரைநாள் போகும்போது, பதிவையே திருப்பி அனுப்புவது சுலபமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 2019 பதிப்பில்தான் டேபிள், ஃபீல்டு, வெட்டப்படும் மதிப்பு மூன்றையும் காட்டும் 2628 என்ற செய்தி இயல்பாகவே வரத் தொடங்கியது. மைஎஸ்கியூஎல்லில் 2015ல் 5.7 பதிப்பு வரும்வரை கறார் முறை இயல்பாக இயங்காததால், நீளமான பெயர் எரரே இல்லாமல், ஓர் எச்சரிக்கைக் குறிப்போடு பாதியில் வெட்டிச் சேமிக்கப்படும். அப்படி வெட்டுப்பட்ட பெயர்கள் எத்தனையோ டேபிள்களில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் பயனாளரின் எழுத்துப்பிழை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

தொழில்நுட்பர்கள் வைக்கும் அடுத்த எதிர்வாதம் ஆபத்து. நடப்பில் உள்ள டேபிளின் வரையறையில் கைவைப்பது பயங்கரம் என்பார்கள். இதில் பாதி உண்மை. நிறுவன மென்பொருளான எஸ்ஏபியில் எஸ்இ14 திரைக்குப் போனால், தரவுத்தளத்தைச் சரிசெய்யும் பொத்தானோடு இரண்டு தெரிவுகள் இருக்கும்: தரவைக் காப்பாற்று, தரவை அழி. இரண்டாவதைத் தெரிவுசெய்து அழுத்தினால் டேபிள் காலி. சில மாற்றங்களுக்கு எஸ்ஏபி பழைய டேபிளைக் கியூசிஎம் என்று தொடங்கும் இடைக்கால டேபிளாக்கி, அதிலிருந்து தரவைப் புதியதற்கு மாற்றும்; நடுவழியில் நின்றுபோனால் தரவு அந்த இடைக்கால டேபிளில்தான் இருக்கும். இதை அறியாமல் அதைக் குப்பை என்று அழித்தால் மீள்வது கடினம். மைக்ரோசாஃப்ட்டின் நிறுவன மென்பொருளான பிசினஸ் சென்ட்ரலிலும் ஃபோர்ஸ் சிங்க் என்ற வழி, பொருந்தாத ஃபீல்டுகளின் தரவை அழித்தாவது புதிய வரையறையை ஏற்றிவிடும். இந்த ஆபத்துகளை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இவை எதனால் வருகின்றன? வரையறை மாற்றத்தைத் திட்டமிடாமல், எரர் வந்த பதற்றத்தில், கிடைத்த பொத்தானை அழுத்துவதால். திட்டமிட்ட மாற்றத்தில் பெயருக்குத் தேவைப்படுவது இரண்டே செயல்கள்: நீளத்தைக் கூட்டுவது, கட்டாயத்தை நீக்குவது. எஸ்கியூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் நீளம் மாறும் வகை எழுத்து ஃபீல்டின் எல்லையைக் கூட்டுவதற்கு உள்ளே இருக்கும் வரிகளைத் திரும்ப எழுதவேண்டியதில்லை. வரையறைக் குறிப்பு மட்டும் மாறும். போஸ்ட்கிரஸிலும் 9.2 பதிப்பிலிருந்து அப்படித்தான். காலியாக விடலாம் என்று தளர்த்துவதும் அவ்வாறே. கோடி வரி உள்ள டேபிளாக இருந்தாலும் இது நொடிகளில் முடியும் வேலை. குறுக்குவதும் வகை மாற்றுவதும்தான் பெருஞ்செலவு. எல்லாவற்றையும் ஒரே பயங்கரமாகச் சொல்வது அச்சத்தை வாதமாக்குவது. உண்மையான செலவு டேபிளுக்கு வெளியே இருக்கிறது: திரைகள், அறிக்கைகள், மற்ற முறைகளுக்குப் போகும் கோப்புகள், அச்சுப் படிவங்கள். அந்தச் செலவு உண்மைதான். ஃபின் எண்ணுக்கு எம் வரிசை வந்தபோதும் அதே செலவு இருந்தது, செய்தார்கள்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படுவது, வாங்கிய மென்பொருளின் தரநிலையை ஒட்டியே நிறுவனம் மாறவேண்டும், கைவைத்தால் அடுத்த மேம்படுத்தலில் உடையும் என்ற வாதம். வணிக நடைமுறைகளைப் பொறுத்தவரை இதில் அறிவு இருக்கிறது. கொள்முதல் ஆணைக்கு எத்தனை ஒப்புதல் என்பதை மென்பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மனிதரின் பெயர் வணிக நடைமுறை அல்ல. தவிர, தரநிலை என்று சொல்லப்படுவதை விற்பனையாளர்களே மாற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். எஸ்ஏபி பல பத்தாண்டுகள் 18 எழுத்தாக வைத்திருந்த பொருள் எண்ணை எஸ்/4ஹானாவில் 40 எழுத்தாக்கியது. மைக்ரோசாஃப்ட்டின் பழைய நாவிஷனில் 50 எழுத்தாக இருந்த வாடிக்கையாளர் பெயர் அதன் வாரிசான பிசினஸ் சென்ட்ரலில் 100 ஆனது. பொருளின் எண்ணுக்கு இடம் போதவில்லை என்று பெரிய வாடிக்கையாளர்கள் கேட்டால் உலகம் முழுவதும் ஓடும் டேபிள் மாறுகிறது. பெயருக்கு இடம் போதவில்லை என்று நாம் கேட்கவே இல்லை. திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டோம். மூல டேபிளைத் தொடாமல் கூடுதல் ஃபீல்டுகளைச் சேர்க்கும் வழியை இரண்டு நிறுவனங்களுமே தருகின்றன. முழுப்பெயரை அதில் வைத்து, கடிதத்துக்கும் சோதனைக்கும் அதையே பயன்படுத்துவது எந்த மேம்படுத்தலையும் உடைக்காது.

எதிர்வாதங்களில் மிக வலுவானதைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன். வரையறை கறாராக இருந்தால்தான் தரவு சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு மறுப்புக்கும் வரையறையைத் தளர்த்தினால் டேபிள் குப்பைமேடாகிவிடும் என்பது அது. இந்த அக்கறையை நான் முழுமையாக மதிக்கிறேன். 1970ல் காட் என்ற கணினி அறிஞர் தொடர்புமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட காலத்திலிருந்து, தவறான தரவை வாசலிலேயே நிறுத்துவதுதான் இந்தத் துறையின் பெருமை. அடையாள எண் இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. பிறந்த நாள் எதிர்காலத்தில் இருக்கக் கூடாது. இல்லாத கணக்குக்குப் பணம் வரவாகக் கூடாது. இவை எல்லார் விஷயத்திலும் உண்மை, ஆகவே எல்லாரையும் கட்டுப்படுத்தலாம். குடும்பப்பெயர் இருக்கிறது என்பது எல்லார் விஷயத்திலும் உண்மை இல்லை. உண்மையில்லாத ஒன்றைக் கட்டாயமாக்கினால் தரவு சுத்தமாவதில்லை. பயனாளர் பொய் எழுதப் பழகுகிறார். புள்ளியும் கோடும் நிரம்பிய ஃபீல்டு, காலியாக விடப்பட்ட ஃபீல்டைவிட மோசமானது. காலி என்பதைப் பார்த்தால் இல்லை என்று தெரியும். புள்ளியைப் பார்த்தால் என்னவென்று யாருக்கும் தெரியாது. நான் கேட்பது தளர்ந்த வரையறையை அல்ல, சரியான வரையறையை. கறார்த்தன்மையை விரும்புபவர்தான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். மென்பொருளின் அகராதியில் உள்ள வரையறையும் தரவுத்தளத்தில் உண்மையில் உள்ள டேபிளும் வேறுபட்டால், அதை எல்லாரும் கடுமையான எரராக ஏற்கிறார்கள். எது சரி என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், யார் எப்போது மாற்றினார் என்று தேடுகிறார்கள். அகராதிக்கும் டேபிளுக்கும் தரும் இந்த மரியாதையை டேபிளுக்கும் மனிதருக்கும் இடையே ஏன் தரக்கூடாது? இரண்டும் ஒரே வகைப் பிழைதான். முன்னதில் ஒரு பக்கம் மென்பொருள், மறுபக்கமும் மென்பொருள். பின்னதில் ஒரு பக்கம் மனிதர் நிற்பதால், அவர் வளைந்துகொடுப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள்.

சாங்கியிலும் மற்ற இடங்களிலும் இந்த டேபிள்களை எழுதுகிற, இடம்பெயர்க்கிற, பராமரிக்கிற தமிழ்ப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனம் அடுத்த முறை ஒரு பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும்போது, வடிவமைப்பு ஆவணத்தில் “கடைசிப்பெயர், கட்டாயம்” என்ற வரி உங்கள் கண்ணில் படும். அதைக் கேட்டது எந்தச் சட்டம், எந்த விதி, எந்த வாடிக்கையாளர் என்று எழுத்தில் கேளுங்கள். நாணய ஆணையம் கேட்பது முழுப்பெயர் என்பதையும், ஐஎஸ்ஓ 20022ல் பெயர் ஒரே ஃபீல்டு என்பதையும் ஆதாரமாக வையுங்கள். பெயரால் வரும் எரர் டிக்கெட்டுகளை மூடும்போது, தரவுப் பிழை என்ற வகையில் போடாமல் வரையறைப் பிழை என்ற வகையில் போடுங்கள்; மூன்றுமாதக் கணக்கில் அந்த எண்ணிக்கை மேலாளரின் முன் வரட்டும். உங்கள் கேள்விக்குப் பதில் வராதவரை அந்தக் “கடைசிப்பெயர், கட்டாயம்” வரிக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.